கஞ்சி வரிசையில் வேம்பு

வேப்பந்துறைப் பேருந்து நிலையத்தின் ஓய்வுக் கூடத்தில் மாட்டியிருந்த கஞ்சித் தொட்டிப் படத்தில் வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்திருப்பதை முதலில் கண்டவர் டீக்கடை ஜெகபர் அலி. கோடியக்கரை வண்டி போய்விட்டது என்று சொல்கிற அதே குரலில், பாலை ஆற்றிக்கொண்டே, "முண்டாசு கட்டுன ஆளு கஞ்சி வாங்கிட்டுப் போயிட்டாரு" என்று அவர் சொல்ல, நாங்களும் டீ கிளாசைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்த்தோம். முண்டாசுக்காரர் நின்ற இடத்தில் இப்போது இடுப்பில் சட்டியோடு ஒரு பெண் நின்றாள். சரிதான் என்று சொல்லிவிட்டு மிச்ச டீயைக் குடித்தோம். எங்கள் ஊரில் எந்த வரிசையும் நகர்ந்து நாங்கள் பார்த்ததில்லை, ரேஷன் கடையிலும் நகராது, ஆதார் அட்டைக்கும் நகராது, ஆகவே தொண்ணூறு வருஷத்துக்கும் மேலாக நின்ற ஒரு வரிசை நகர்ந்ததில் எங்களுக்குச் சந்தோஷம்தான் வந்ததே தவிர திகைப்பு ஒன்றும் வரவில்லை.

பேரூராட்சிக்கு நூறு வயது ஆனதற்காக, சென்னை ஆவணக் காப்பகத்தில் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் படங்களைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்தின் சுவர் முழுக்க மாட்டியிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் எடுத்தவை. உலகத்தையே பிடித்த மந்தம் எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்து, நெல் விலை விழுந்து, உப்பளத்தில் வேலை நின்று, மலாய் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பிக் கொண்டுவந்து கரையில் இறக்கிவிட்டுப் போன அந்தக் காலத்தில், துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர், சரக்குக் கப்பல் வராமல் பொழுது போகாமல், பெட்டிக் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறார். சந்தையில் மலைபோல் குவிந்த நெல்லும் அதன் நிழலில் வாங்க ஆளில்லாமல் வாயைத் திறந்து தூங்கும் வியாபாரியும், பூவரச மரத்தடியில் பாதி முகம் சவரம் செய்த நிலையில் காமிராவைப் பார்த்து விழிக்கும் ஒருவரும், தகரப் பெட்டியோடு படகிலிருந்து இறங்கி எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும் குடும்பங்களும், மரைக்காயரின் சரக்குக் கிட்டங்கி வாசலில் வைத்த கஞ்சித் தொட்டியுமாக, எங்கள் ஊர் அந்தச் சுவரில் பட்டினியாகவும் அழகாகவும் இருந்தது. இருந்தவர்கள் எல்லாரும் எங்களவர்கள், ஒருவர் பெயரும் எங்களுக்குத் தெரியவில்லை என்பது எங்களை என்னவோ செய்தது.

மற்ற படங்கள் சமர்த்தாக இருந்தன. கஞ்சிப் படத்தில் மட்டும், மதியம் கடந்து மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து கண்ணாடியில் விழுகிற நேரத்தில், அண்டாவுக்குப் பின்னால் நின்ற தாடிக்காரர் அகப்பையை உள்ளே விட்டு எடுத்து ஊற்றுவார், முன்னால் நின்றவர் வாங்கிக்கொண்டு இடது ஓரத்துச் சட்டத்துக்குள் போய் மறைவார், வரிசை ஓர் அடி நகரும். ஒரு நாளைக்கு ஒருவர். எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை, கஞ்சியை வாங்கிக்கொண்டு மனிதன் வேறெங்கே போவான், வீட்டுக்குத்தான் போவான்.

பிறகு ஊர் அந்தப் படத்தைத் தன் பழக்கவழக்கத்துக்குள் எடுத்துக்கொண்டது. மதிய வண்டிகள் அந்த நேரத்துக்குப் புறப்படாமல் கொஞ்சம் தாமதித்தன. பேரூராட்சி, படத்தை வரிசை முடியும்வரை கழற்றக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அவரவர் வந்து மூக்கையும் காதையும் தோள்பட்டையையும் பார்த்து, இது எங்கள் தாத்தா, இது எங்கள் பூட்டி என்று அடையாளம் சொன்னார்கள். ஒரு வழுக்கைத் தலைக்கு இரண்டு குடும்பங்கள் உரிமை கொண்டாடிக் கைகலப்புவரை போக, மறுநாள் அந்த மனிதர் திரும்பி முகத்தைக் காட்டியதும் இரண்டு குடும்பத்தின் மூக்கும் அதில் இருந்ததால் சம்பந்திகளாகவே ஆகிப்போனார்கள். தங்கள் ஆள் வாங்கிய நாளில் அந்த வீட்டார் ஜெகபர் கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, "இன்னிக்கு எங்க தாத்தா சாப்புட்டாரு" என்று நிறைவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். நாங்கள் பார்த்தேயிராத மனிதர்கள்மேல் அப்படி ஒரு பாசம் எங்கிருந்து வந்ததோ, வெயிலில் நிற்கிறார்களே என்று ஒரு அம்மாள் சட்டத்துக்கு மேலே குடையைக் கட்டிவிட்டுக்கூடப் போனாள்.

வரிசையின் கடைசியில், சட்டத்தின் வலது ஓரத்தில், ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள். மற்றவர்கள் கையில் சட்டியும் செம்பும் இருக்க, அவள் கையில் ஒரு கொட்டாங்குச்சி. ஒரு காலைத் தூக்கி மற்ற முழங்காலில் ஊன்றி ஒற்றைக் காலில் நின்றாள். அவளுக்கு உரிமை சொல்லி ரொம்ப நாள் யாரும் வரவில்லை. பேருந்து நிலைய வாசலில் ஆட்டோ ஓட்டும் வைரக்கண்ணுவுக்குப் பழைய படம் பார்க்கிற பொறுமை எல்லாம் கிடையாது. ஒருநாள் சில்லறை மாற்ற ஜெகபரிடம் வந்தவர் தற்செயலாகத் திரும்பி அந்தக் காலைப் பார்த்தார், பார்த்தவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அம்மா" என்றார். "ரேஷன் கடையில இப்புடித்தான் நிக்கும். கெழவியானப்பறமும் இப்புடித்தான் நின்னுச்சு. கீழ விழுந்துருவே, கால ஊனு ஊனுன்னு நான் கத்துவேன்."

அவர் கை தன்னையறியாமல் காது மடலைத் தேய்த்துக்கொண்டது. வைரக்கண்ணு எதையாவது யோசித்தால் காதைத் தேய்ப்பார், தேய்க்கத் தேய்க்க அது மொழுமொழுவென்று இருக்கும், ஏனென்றால் அறுபது வயது தாண்டியும் காது குத்தாத ஒரே ஆள் எங்கள் தெருக்களில் அவர்தான். அவருடைய அம்மா வேம்பு பல வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து பெற்ற ஒரே பிள்ளை அவர்; காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான், மாமன் மடி இல்லாத பிள்ளைக்குக் காதுகுத்தும் வேண்டாம் என்று அந்த அம்மாள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். ஜெகபரின் வாப்பாகூட, என் மடியில் உட்காரட்டுமே தங்கச்சி என்று கேட்டிருக்கிறார், அவள் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வைரக்கண்ணுவை மூளிக்காதன் என்று கூப்பிட்டோம். அவருடைய கல்யாணத்தில், மாமன் சீர் எங்கே என்று பெண் வீட்டார் கேட்டபோது பந்தலில் நாங்கள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டதை இன்றைக்கும் நினைத்தால் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து வைரக்கண்ணு சவாரியை விட்டுவிட்டு மதியமானால் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். அம்மாவின் முறை வரட்டும், எல்லாருக்கும் டீயோடு வடையும் உண்டு என்று நாங்கள் அவரைச் சீண்டினோம். அவர் சிரிக்கவில்லை. அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, தாடிக்காரரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆரம்பத்தில் அகப்பையை விட்டால் மணிக்கட்டுவரை உள்ளே போன கை, இப்போது முழங்கைவரை போய்க்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் வரிசை நின்றுபோனது, அதற்குக் காரணம் கப்பக்கார வீட்டு மீனலோசனி டீச்சர். ஒரு காலத்தில் கப்பல் வைத்திருந்த கப்பக்கார வீடு ஊரிலேயே பெரிய வீடு, மூன்று தலைமுறையாக அவர்கள் கை நீட்டி எதையும் வாங்கியதில்லை என்று அவர்களும் சொல்லிக்கொள்வார்கள், நாங்களும் நம்பினோம். படத்தில் துண்டால் தலையையும் பாதி முகத்தையும் மறைத்துக்கொண்டு நின்ற ஒரு நெட்டை மனிதர் தொட்டிக்குப் பக்கத்தில் வந்தபோது துண்டு நழுவ, அது டீச்சர் வீட்டு முன்னறைப் படத்தில் கோட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவருடைய தாத்தா கோதண்டபாணி என்று ஊரே கண்டுகொண்டது. டீச்சர் முதலில், அவர் இல்லை, அவர் மாதிரி யாரோ என்றார். பிறகு இரண்டொரு நாள் வெளியே வரவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளித்துத் தலையில் பூ வைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க நடந்து வந்து, மறைத்தது போதும் என்று சொல்லி, கண்ணாடியின்மேல் சரியாகத் தாத்தாவின் நெற்றியில் சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும் வைத்து, சட்டத்துக்குச் சம்பங்கி மாலையும் போட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுப் போனார். எங்களுக்கும் கண் கலங்கியது, எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொண்டோம்.

அன்று மதியம் வெயில் வந்தது, தாடிக்காரர் அகப்பையில் மொண்டு நீட்டினார், கோதண்டபாணி வாங்கவில்லை. மறுநாளும் வாங்கவில்லை. முன்னால் இருப்பவர் வாங்காமல் பின்னால் இருப்பவர் எப்படி வாங்குவார், வரிசை அப்படியே நின்றது, பேருந்துகள் காத்திருந்து காத்திருந்து வெறுத்துப்போய்ப் புறப்பட்டன.

"பொட்டு வச்சு மாலை போட்டுட்டீங்க" என்றார் ஜெகபர், மேடையைத் துடைத்துக்கொண்டே. "உங்க வூடுகள்ல மாலை போட்ட படம் எதாவது நவுந்துருக்கா?"

அப்படி ஒரு படமும் நகர்ந்ததாக எங்களில் யாருக்கும் ஞாபகம் இல்லை. செத்துப்போனவர் என்று நாமே கண்ணாடியில் பொட்டு வைத்துச் சொல்லிவிட்டால் அந்த மனிதர்தான் என்ன செய்வார். ஈரத் துணியோடு டீச்சரைக் கூட்டிக்கொண்டு நாங்கள் கூடத்துக்குப் போனபோது, வைரக்கண்ணு தன் ஆட்டோவை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, அதற்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"தொடக் கூடாது" என்றார். "மாலை கெடக்கட்டும். வரிசை நிக்கட்டும்."

"ஏம்ப்பா, உங்க அம்மாவும் அதுலதானே நிக்கிறாங்க?" என்றார் டீச்சர்.

"அதுக்குத்தான் சொல்றேன், டீச்சர். அன்னிக்கு எங்க அம்மாவுக்குக் கஞ்சி கெடைக்கல."

ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்து, காதைத் தேய்த்துக்கொண்டே, அவர் எங்களிடம் யாரிடமும் அதுவரை சொல்லாததைச் சொன்னார். மலாய்த் தோட்டத்தில் தாயைப் பறிகொடுத்துவிட்டு அப்பனோடு கப்பலில் வந்து இறங்கிய வேம்புவுக்கு மூன்று வயதில் ஒரு தம்பி, வீரையன் என்று பெயர். அப்பன் வேலை தேடிப் போயிருக்க, துறைமுகக் கொட்டகையில் பட்டினியும் காய்ச்சலுமாகக் கிடந்த தம்பிக்காக அவள் கொட்டாங்குச்சியோடு வந்து கடைசியில் நின்றாள், அவள் முறை வந்தபோது தாடிக்காரர் அண்டாவைக் கவிழ்த்துக் காட்டினார். அன்று ராத்திரி தாண்டவில்லை வீரையன். சாகும்வரை அந்த அம்மாள், தனக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவரின் முதுகையும் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறாள், ஒரு வாய்க் கஞ்சி மிஞ்சியிருந்தால் உனக்கு மாமன் இருந்திருப்பான் என்று.

"வரிசை நின்னா நிக்கிறவரைக்கும் கஞ்சி தீராதுல்ல" என்றார் வைரக்கண்ணு. "அங்க கொட்டாயில எங்க மாமா உசுரோட படுத்துருப்பாருல்ல. அப்புடியே இருக்கட்டும்."

அவளுக்கு முன்னால் நின்ற முதுகுகள் எல்லாம் எங்கள் முதுகுகள். நாங்கள் ஈரத் துணியைப் பிழிந்து மடித்து எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

அப்படியே பல நாள் போயிற்று. மாலை காய்ந்து உதிர்ந்தது, சம்பங்கி வாசம் போய்ப் புழுங்கிய வாசம் வந்தது, யாரும் டீ வாங்கிக் கொடுக்கவில்லை. வைரக்கண்ணு மட்டும் தினமும் வந்து, தன்னைவிட எவ்வளவோ சின்னவளாக நின்ற அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் அவள் காலை மாற்றி ஊன்றினாள். பிறகு ஒருநாள் இரண்டு காலையும் ஊன்றினாள், அப்படி அவள் நின்று அவர் பார்த்ததே இல்லை. அதற்கு மறுநாள் அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள், உட்கார்ந்து, ஒன்றுமில்லாத கொட்டாங்குச்சியை நாக்கால் ஒரு தரம் வழித்துப் பார்த்தாள்.

வைரக்கண்ணு ஆட்டோவை எடுத்துக்கொண்டு நேரே கப்பக்கார வீட்டு வாசலில் போய் நிறுத்தினார்.

"டீச்சர், வந்து தொடைச்சு விடுங்க" என்றார். "அம்மாவுக்குப் பசிக்குது. நான் பாட்டுக்கு நிறுத்தி வச்சிருக்கேன்." அதைச் சொல்லும்போது அவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

விஷயம் பரவி, டீச்சர் வந்து சேர்வதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. டீச்சர் மாலையைக் கழற்றினார், பொட்டைத் தன் முந்தானையால் துடைத்தார், துடைத்த கையை எடுக்காமல் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், வகுப்பில் பிள்ளைகளிடம் பேசுகிற கண்டிப்பெல்லாம் இல்லாமல், மெதுவாகப் பேசினார்.

"தாத்தா, நாங்கள்லாம் நல்லா இருக்கோம். மூணு வேளையும் சாப்புடுறோம், மிச்சத்தக் கொட்டுறோம். நீங்க பாதி போதும்னு சொல்லிடுங்க. பின்னால ஒரு புள்ள நிக்குது."

வெயில் வந்தது. கோதண்டபாணி செம்பை நீட்டினார், தாடிக்காரர் தோள்வரை கையை விட்டு மொண்டு ஊற்றத் தொடங்கினார், பாதி ஊற்றியதும் கோதண்டபாணி, பந்தியில் இலைக்கு மேல் கையை வைத்துப் போதும் என்று மறைப்போமே, அதேபோல் செம்பின் வாய்க்கு மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார். துண்டை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தை மறைக்காமல், நிமிர்ந்து நடந்து போனார். மீனலோசனி டீச்சர் விக்கி விக்கி அழ, நாங்கள் அவரைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்தோம்.

அதற்குப் பிறகு ஊருக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அன்றன்றைக்கு முறை வருகிற வீட்டார் காலையிலேயே வந்து தங்கள் ஆளிடம் பேசினார்கள். வீட்டு மாடி கட்டியதைச் சொன்னார்கள், பேத்தி நர்ஸ் படிப்பதைச் சொன்னார்கள், ஃபிரிட்ஜ் நிறைய மாவு இருப்பதைச் சொன்னார்கள், சொல்லிவிட்டு, கொஞ்சமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார்கள். சொல்ல ஆளில்லாதவர்களும் வரிசையில் இருந்தார்கள், வம்சம் அற்றுப்போனவர்கள், எங்கோ போய்விட்டவர்கள். அவர்களிடம் ஜெகபர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து, "பெரியவரே, நமக்குச் சொந்தம் ஒண்ணுமில்ல, இருந்தாலும் கேக்குறேன்" என்று ஆரம்பிப்பார். ஒவ்வொரு மதியமும் ஒரு கை வந்து ஒரு சட்டியை மறைத்தது. எங்கள் தெருப் பரிமளாவின் பூட்டி ஒருத்தி மட்டும் முழு அகப்பையும் வாங்கி, சட்டியை ஆட்டிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் என்று மறுபடி நீட்டினாள். பரிமளா அந்த வாரம் முழுக்கக் கடைத்தெருப் பக்கம் தலைகாட்டவில்லை. பசித்தவள் கேட்டாள், அதில் என்ன இருக்கிறது என்று நாங்கள்தான் போய்ச் சமாதானம் சொன்னோம்.

தாடிக்காரர் அண்டாவைச் சாய்த்துப் பிடித்து வழிக்கத் தொடங்கிவிட்டார். வேம்புவுக்கு முன்னால் ஒரே ஒருவர் மிச்சமிருந்தபோது அண்டா முழுதாகச் சாய்ந்துவிட்டது. அவருக்கும் சொந்தம் யாரும் இல்லை, ஜெகபர் பேசினார், அவர் சட்டியை நீட்டவே இல்லை, திரும்பிப் பின்னால் பார்த்தார், பார்த்துவிட்டு வெறும் சட்டியோடு ஒதுங்கிப் போனார். அவர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் எந்த வண்டியும் புறப்படவில்லை. ஓட்டுநர்களும் நடத்துநர்களும்கூடக் கூடத்தில்தான் நின்றார்கள். வைரக்கண்ணு முன்னால் நின்றார். வேம்பு எழுந்து பாவாடை மண்ணைத் தட்டிக்கொண்டு, கொட்டாங்குச்சியை இரண்டு கையாலும் நீட்டினாள். தாடிக்காரர் அண்டாவுக்குள் உடம்பையே நுழைத்து, சுரண்டிச் சுரண்டி, ஒரு அகப்பைக் கஞ்சியை எடுத்து வந்து ஊற்றினார். கொட்டாங்குச்சி விளிம்புவரை நிறைந்தது. அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. சிந்திவிடக் கூடாதென்று கஞ்சியையே பார்த்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, கொட்டகை இருந்த இடதுபக்கச் சட்டத்துக்குள் போய் மறைந்தாள். தாடிக்காரரும் அண்டாவைக் கவிழ்த்துவிட்டுக் கிட்டங்கிக்குள் போய்விட்டார். படத்தில் அந்த அண்டாவும் கிட்டங்கி வாசலும் பிற்பகல் வெயிலும் மட்டும் இருந்தன. வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய் எஞ்சினைக் கிளப்பினார்கள்.

வைரக்கண்ணு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜெகபர் டீ கொண்டுவந்து நீட்டியபோது, வழக்கம்போல் காதைத் தேய்த்த அவர் விரல் மடலில் எதிலோ தட்டி நின்றுவிட்டது. ஜெகபர் குனிந்து பார்த்தார்.

"காதுல ஓட்டை இருக்கே, மாப்ள" என்றார்.

இருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் குத்தி, கம்மல் போட்டு, பிறகு கழற்றிப் பாதி தூர்ந்துபோன ஓட்டை, இரண்டு காதிலும். வைரக்கண்ணு அதை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எங்க மாமா மடியில வச்சுக் குத்துனது" என்றார். "அஞ்சு வயசு எனக்கு. தொடையெல்லாம் ஒரே எலும்பு அவருக்கு, உக்காரவே முடியல. மூக்குப்பொடி வாசம் அடிச்சுது. வலியில நான் அவரு கையக் கடிச்சுட்டேன், அடிக்கல அவரு. வாயில கல்கண்டப் போட்டுட்டு, எனக்கு முன்னாடி அவரு அழுதாரு."

சொல்லிவிட்டு, ஜெகபர் சிரித்துவிடுவாரோ என்று பயந்தவர் மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும்டா" என்றார் ஜெகபர், டீயை அவர் கையில் கொடுத்துக்கொண்டே. "நானும் பக்கத்துலதான நின்னேன். எனக்கும் ஒரு கல்கண்டு குடுத்தாரு."